பதினாறு கொடுக்கும் என்று நான் சொன்ன வண்டி

விழுப்புரத்தைத் தாண்டியபோதுதான் மலையின் மேல் பழி போடுவதை நிறுத்தினேன்.

அதுவரை எங்கள் வண்டி பெட்ரோலைக் குடிப்பதற்குப் போடிமெட்டு மலைப்பாதைதான் காரணம் என்று நானும் நம்பினேன், என் மனைவி சுமதியையும் நம்ப வைத்திருந்தேன். அவளுடைய அம்மா வீடு மலைக்கு மேலே பூப்பாறையில். மாதத்தில் நான்கைந்து முறையாவது ஏறி இறங்குவோம். அத்தனை வளைவுகளிலும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கிக்கொண்டு போகிற வண்டி லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தால் அதைக் குறை சொல்ல முடியுமா? போடியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கும் அதையே சொன்னார். "மலையில ஓடுற வண்டி சார், அப்படித்தான் இருக்கும்."

ஆனால் திருச்சியிலிருந்து விழுப்புரம் வரை மலை ஏது? திருச்சியில் டேங்க் நிறைய போட்டேன். நூற்றறுபது கிலோமீட்டர் நால்வழிச் சாலையில் ஒரே சீராக வந்தேன். விழுப்புரத்தில் மறுபடியும் நிறைத்தபோது பதினாறு லிட்டர் பிடித்தது. லிட்டருக்குப் பத்து. மனக்கணக்குப் போதும்.

அந்தப் பதினாறு என்ற எண்தான் உறுத்தியது. ஏனென்றால் வண்டியை வாங்கப்போகிறவனிடம் நான் சொல்லியிருந்த எண் அது. லிட்டருக்குப் பதினாறு.

வாங்கப்போகிறவன் சாதிக். மதுரையில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். அவன் ஊர் பழவேற்காடு. படிப்பு முடிந்தபின் நண்டு வியாபாரத்தில் இறங்கிவிட்டான். ஏரியில் பிடிபடும் நண்டை வாங்கிச் சென்னைக்கு அனுப்புவது தொழில். நான் போடியில் ஸ்டேஷனரி கடை வைத்தேன். இருபத்தாறு வருடங்களாக ஒருவரையொருவர் நேரில் பார்க்கவில்லை. வாட்ஸப்பில் எங்கள் வகுப்புக் குழுவில் வண்டியின் படத்தைப் போட்டு விற்பனைக்கு என்று எழுதிய அன்று மாலையே கூப்பிட்டான். ஆறு வயதான சின்ன எஸ்யூவி, பெட்ரோல், கை மாறாத வண்டி என்றேன். "எவ்ளோடா குடுக்குது?" என்றான். கம்பெனிக்காரன் விளம்பரத்தில் சொன்னதை நானும் சொன்னேன். நாக்கில் ஒரு தடுமாற்றமும் இல்லை. மறுநாளே முன்பணம் அனுப்பிவிட்டான்.

பழவேற்காட்டுக்குப் போய்ச் சேரும்போது திங்கட்கிழமை மாலை நாலரை மணி. பொன்னேரியைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் கண்ணுக்கு ஒரு மலை தட்டுப்படும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருந்தது. அது எங்கே நின்றதோ அங்கே தண்ணீர். ஏரி எது, வானம் எது என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எல்லோரும் கேட்கிறார்கள், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூநாரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "அதுங்க வர்ற மாசம் வேற" என்றான் சாதிக்.

வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தலை பாதி நரைத்திருந்தது. குனிந்து அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கையால் அளந்தான். "இதுக்காகத்தான்டா இந்த மாதிரி வண்டி தேடினேன். மழைக்காலத்துல இந்த ரோட்டுல தண்ணி நிக்கும். சின்ன காரு வெச்சுக்கினு ஒண்ணும் பண்ண முடியாது."

எதற்காக அவனுக்குக் கார் என்று நான் போனில் கேட்டிருக்கவில்லை. வியாபாரத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே அவன் மனைவி ஜெரினா எழுந்து வந்து வாங்கண்ணா என்றபோதுதான் அவள் இடது முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்து நிற்பதையும், அதன்மேல் ஊசித் தழும்புகள் வரிசையாக இருப்பதையும் பார்த்தேன். என் பெரியப்பாவின் கையில் அதே போலப் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ்.

அன்று இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். மடவை மீன் குழம்பு, அதில் மாங்காய். ஓட்டோடு வறுத்த நண்டு. நண்டை எப்படி உடைப்பது என்று தெரியாமல் நான் தடுமாற, சாதிக் தன் கையாலேயே உடைத்துச் சதையை என் தட்டில் வைத்தான். ஜெரினாவுக்குத் தனிக் குழம்பு, உப்புக் குறைத்தது. அவள் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. நாள் முழுவதற்கும் அவ்வளவுதான் தண்ணீர். சாப்பிட்டு முடித்து ஒரு வாய் குடித்துவிட்டு மூடினாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "எனக்கு மைலேஜ் ஜாஸ்திண்ணா. கொஞ்சம் ஊத்தினாலே நாள்பூரா ஓடும்" என்றாள். சாதிக் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் விஷயத்தைச் சொன்னான். சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது. போய்வருவதற்குத்தான் ஒன்றும் இல்லை. அவளுக்கு இடம் கிடைத்தது சென்னையில். முதலில் பஸ்ஸில் பொன்னேரி போய் அங்கிருந்து ரயிலில் போனார்கள். சிகிச்சை முடிந்து திரும்பும்போது ஒருமுறை பிளாட்பாரத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். அதிலிருந்து வாடகைக் கார். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்கிறார். வாடகைக் காருக்குக் கட்டுப்படியாகாமல் இரண்டு நாள்தான் போகிறார்கள், புதன், சனி. இடையில் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது.

"சொந்த வண்டி, லிட்டருக்குப் பதினாறுன்னா மூணு நாளும் போய்க்கலாம்டா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த தெளிவை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. கை கழுவப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். கை ஏற்கனவே கழுவியிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை அவனுக்கு ஆரம்பாக்கத்தில் வேலை இருந்தது. ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர். தண்ணீர்வழியே பார்த்தால் பக்கம், சாலைவழியே சுற்றிக்கொண்டு போகவேண்டும். வண்டியை ஓட்டிப் பார்த்ததாகவும் இருக்கும் என்று அதிலேயே கிளம்பினோம். அவன்தான் ஓட்டினான். நன்றாக ஓட்டினான். கியர் மாற்றும்போதெல்லாம் "இன்னா ஸ்மூத்தா கீது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆரம்பாக்கத்தில் ஒரு தெலுங்கு வியாபாரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். சாதிக் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தான். "இந்த வண்டியில எத்தனை கூடை ஏறும்னு கேக்கறாரு. ஒரு கூடைதான், அதுவும் என் பொண்டாட்டின்னு சொன்னேன்." அந்த வியாபாரி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னார். அதையும் சாதிக் சொன்னான். "நீ நல்ல காரியம் பண்றன்னு சொல்றாருடா."

அதற்குமேல் தாங்கவில்லை. அங்கே ஒரு படகு எஞ்சினுக்கான பாகத்தை யாருக்கோ கொடுப்பதற்காக வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு திரும்பினோம். நெடுஞ்சாலையில் ஏறியதும், "ஓரமா நிறுத்துடா" என்றேன்.

நிறுத்தினான்.

"இது பதினாறு குடுக்காதுடா. பத்துதான் குடுக்குது. ரெண்டு வருஷமாவே பத்துதான். நான் பொய் சொன்னேன்."

சாதிக் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு எதிரே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்னென்னவோ பேசினேன். விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். வேண்டாமென்றால் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விடுகிறேன், முன்பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்றேன்.

"வெல கம்மியானா ஒரு தபாதான்டா கம்மி. பெட்ரோலு வாரா வாரம் போடணும்" என்றான் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு, "ஜெரினாகிட்ட நீ சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்" என்று வண்டியை எடுத்தான்.

பொன்னேரியில் டீ குடிக்க நிறுத்தினான். எனக்கும் சேர்த்தே சொன்னான். சர்க்கரை கம்மியாக என்று அவனே கடைக்காரரிடம் சொன்னான். விடுதியில் நான் அப்படித்தான் குடிப்பேன்.

எஞ்சின் பாகத்தைக் கோட்டைக்குப்பத்தில் தேசப்பன் என்பவரிடம் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தக் குப்பத்துப் படகுகளின் எஞ்சின் எல்லாம் அவர் கையில்தான் என்று சாதிக் சொன்னான். மீன் ஏலம் போடும் இடத்துக்கு முன்னால் சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தினோம். ஏலம் முடிந்து கழுவிவிட்டிருந்தார்கள். வலையிலிருந்து மீன் செதிலைத் தட்டிக்கொண்டிருந்த நான்கைந்து பேரில் ஒருவர் எழுந்து வந்தார், அவர்தான் தேசப்பன். நாற்பது வயதிருக்கும். கையில் கறுப்பாக ஆயில். பாகத்தை வாங்காமல் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா பாய் இது, எரியிற வாட வருது."

"எங்க?" என்றான் சாதிக்.

தேசப்பன் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் உடனே எடுத்தார். பிறகு ஏலத் தளத்துக் குழாயிலிருந்து ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து வந்து சக்கரத்தின் நடுவில் ஒரு சொட்டு ஊற்றினார். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சத்தம் வந்தது. மறுபக்கப் பின்சக்கரத்திலும் அதே சத்தம்.

"கை பிரேக்க எடுத்து விடு பாய். கியர் நூட்ரல்ல போடு."

சாதிக் அப்படியே செய்தான். தேசப்பன் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நானும் சேர்ந்துகொண்டேன். நான்கு பேர் தள்ளினோம். சமதளத்தில், வழவழப்பான சிமெண்டில், வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது.

"பாத்தியா" என்று தேசப்பன் என்னைப் பார்த்தார். "எந்த ஊரு சார் வண்டி?"

"போடி. மலை அடிவாரம். வீடு ஏத்தத்துல இருக்கு."

"அப்ப நெதம் கை பிரேக்க இழுத்து வெச்சிடுவ."

ஆமாம் என்றேன். இழுக்காவிட்டால் காலையில் வண்டி அடுத்த தெருவில் இருக்கும். ஆறு வருடம் வெயிலிலும் சாரலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவைத்த பிரேக் அது.

"கேபிள் துருப்புடிச்சு உள்ளயே சிக்கிக்கினு கீது சார். மேல லிவரு எறங்குது. கீழ பிரேக்கு எறங்கல. பிரேக்க புடிச்சிக்கினே ஓட்டிக்கினு கீற." பிறகு சாதிக் பக்கம் திரும்பி, "எங்க நைனா போட்டுல ஒரு தபா டீசலு கண்டமேனிக்குக் குடிச்சிச்சு பாய். எஞ்சின மாத்துன்னு எல்லாம் சொன்னாங்கோ. முழுகிப் பாத்தா விசிறில பழைய வலை சுத்திக்கினு இருந்திச்சு. அறுத்து எடுத்தேன், அவ்ளோதான்" என்றார்.

சாதிக் என்னைப் பார்த்தான். ஆரம்பாக்கம் சாலையில் நிறுத்தியதற்குப் பிறகு அப்போதுதான் நேராகப் பார்த்தான்.

சூடு ஆறும்வரை காத்திருந்து சக்கரங்களைக் கழற்றினார். உள்ளே இருந்த பிரேக் கட்டைகள் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தன. ஜாக்கிக்கு மேலே நின்ற வண்டியின் அடியிலிருந்து அவர் பேசியதில் ஒன்றுதான் இன்னும் காதில் இருக்கிறது. "இதோட மலைய எறங்கினா சூட்டுல ஆயில் கொதிச்சுப் போவும் சார். ஒரு நாளு மிதிப்ப, புடிக்காது."

நான் பக்கத்தில் கிடந்த ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் பூப்பாறையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது முறை மிதித்தபோது பிடித்தது. சுமதி பின்சீட்டில் அவள் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கால்தான் வழுக்கியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதுக் கேபிள் பழவேற்காட்டில் இல்லை. தேசப்பன் பொன்னேரிக் கடைக்குப் போன் செய்தார். ஒன்றரை மணி நேரத்தில் அது பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் படியிலிருந்து பொட்டலத்தை நீட்டி, "யாருப்பா பிரேக்கு?" என்றார். போடியில் எங்கள் கடைக்கு நோட்டுக்கட்டுகள் இப்படித்தான் தேனியிலிருந்து வரும். பஸ்ஸை நம்பிப் பொருள் அனுப்புகிற விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று.

காத்திருந்த நேரத்தில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தார். மலைமண் அப்பிக் களிமண் பலகைபோல் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டார். செலவு மிச்சம் என்று நினைத்து இரண்டு வருடமாகச் சர்வீசுக்கே விடவில்லை என்று ஒப்புக்கொண்டேன். டயர்களில் காற்றும் குறைவு. புது ஃபில்டர் வாங்கிப் போட்டு, காற்றும் பிடித்தார். எல்லாம் முடிந்ததும் மறுபடியும் தள்ளச் சொன்னார். இந்த முறை நான் ஒருவன்தான் தள்ளினேன். வண்டி ஓடியே போய்விட்டது. சாதிக் உள்ளே தாவி பிரேக் மிதிக்க வேண்டியதாயிற்று. வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண் கலங்கியிருந்தது.

அன்று மாலை சாதிக் ஜெரினாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கூப்பிட்டாள். தலைகுனிந்து போய் நின்றேன்.

"அண்ணா, இவர் பதினாறுன்னு சொன்னப்பவே நான் நம்பல. விக்கிற ஆளு யாரா இருந்தாலும் ரெண்டு மூணு சேத்துத்தான் சொல்வாங்க. நான் பதிமூணு போட்டுத்தான் பாத்து வெச்சிருக்கேன். பதிமூணு வந்தா மூணு நாளும் போலாம்."

"வரலன்னா?" என்றேன்.

"வரலன்னா ரெண்டு நாளு போறேன், இப்ப போற மாதிரி. நீங்க போய் நண்டு சாப்பிடுங்க, ஆறுது."

புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பொன்னேரி பங்க்கில் டேங்க் வாய் வரைக்கும் நிரப்பினோம். கிலோமீட்டர் எண்ணை சாதிக் சுழியத்துக்குக் கொண்டுவந்தான். ஜெரினா பின்சீட்டில் சாய்ந்துகொண்டாள். ஏசி போடலாமா என்று சாதிக் தயங்கினான். "அவளுக்கு வேணும்ல? போடு. அது இல்லாம எடுக்கிற கணக்கு எதுக்கு?" என்றேன்.

சென்னை போக்குவரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றோம். வண்டி நின்றுகொண்டே பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் அவள் உள்ளே போனதும் நாங்கள் எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டோம். சாதிக் வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. விடுதியில் எங்கள் வார்டன் ஒரு பூனையை வளர்த்ததைப் பற்றிப் பேசினான். நான்கு மணி நேரம் கழித்து ஜெரினா வெளுத்துப்போய் வெளியே வந்தாள். சீட்டில் படுத்தவள் மாதவரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி ரயிலில் நின்றாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னேரியில் அதே பங்க், அதே பம்ப். பெட்ரோல் போட்ட பெண்ணிடம், "காலையில எவ்ளோ வரைக்கும் ஊத்தினீங்களோ அதே அளவு" என்றான் சாதிக். "வாய் வரைக்கும்தானே சார், எனக்குத் தெரியாதா" என்றாள் அவள். கிலோமீட்டர் எண்பத்தேழு. மீட்டர் ஓடியது. நான்கு லிட்டர். ஐந்து. நான் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். டக் என்று நின்ற சத்தம் கேட்டதும் திரும்பினேன். ஆறு லிட்டர்.

சாதிக் போனில் வகுத்துப் பார்த்தான். பதினாலரை.

பின்கதவைத் திறந்தான். "ஜெரினா. ஏ ஜெரினா. பதினாலரை."

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "பதிமூணு போதும்னுதானே சொன்னேன். தூங்க விடுங்க."

அன்று மத்தியானமே ஆர்.சி. மாற்றும் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். விலையை நான் குறைக்கப் பார்த்தேன். சாதிக் கேட்கவில்லை. "தேசப்பனுக்கு ஆன செலவ மட்டும் நீ குடு. மத்தது பேசினது பேசினதுதான்." தேசப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேபிளுக்கும் ஃபில்டருக்கும் வாங்கிக்கொண்டு, கூலியாக அவர் கேட்டது எங்கள் ஊரில் ஒரு பஞ்சருக்குக் கேட்பது. கூடக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார்.

வியாழக்கிழமை பொன்னேரி ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டான். இறங்கும்போது, "போன்லயே பத்துன்னு சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்டா" என்றான். "அதுக்காக இன்னொரு தபா பொய் சொல்லாத." அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒருவர் ஓட்ட நான் உட்கார்ந்துகொண்டு போவது எவ்வளவு சுகம் என்பது மறந்தே போயிருந்தது. சென்னையிலிருந்து பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகச் சுமதியிடம் அந்த வளைவைப் பற்றிச் சொன்னேன். "இனி அம்மாவைப் பார்க்க பஸ்ஸுலயே போவோம்" என்றாள்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் ஜெரினாவுக்கு நாட்களை மாற்றிக் கொடுத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி. முதல் திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சாதிக் கூப்பிட்டான். எனக்குப் பக்கென்றது.

"என்னடா, வண்டியில ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல. ஜெரினா உள்ள போயிருக்கா. நாலு மணி நேரம் ஆவும். வண்டிய ஒரு மரத்து நெழல்ல போட்டுட்டு உக்காந்துனு கீறேன். சும்மாதான் கூப்ட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இந்த சீட்ட எப்டிடா சாய்க்கிறது?" என்றான்.

"வலது கைப்பக்கம் கீழ ஒரு லிவர் இருக்கும். தூக்கிட்டுப் பின்னால சாய்."

தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு சீட் சாய்கிற சத்தம். போனை வைக்கவில்லை. நான் நோட்டுகளை அடுக்கிக்கொண்டே வார்டனின் பூனைக்கு நாங்கள் வைத்த பெயர் என்ன என்று கேட்டேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.